வடலூர் அடுப்பும் ஹெல்சிங்கி சாவியும்

இல்லாதவருக்குக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. கொடுப்பதற்கு முன் விசாரிக்கிற பழக்கம் அதைவிட அதிகமாகவே உண்டு. "கை கால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுச் சாப்பிட்டா என்ன?" "காசு குடுத்தா நேரா டாஸ்மாக்குக்குத்தான் போவான்." "அந்தப் புள்ள அவளோட புள்ளதானோ, என்னவோ." சிக்னலில் சிவப்பு விளக்கு எரிகிற ஒரு நிமிடத்துக்குள் வழக்கு தொடுக்கப்பட்டு, விசாரணை நடந்து, தீர்ப்பும் சொல்லப்பட்டுவிடும். எதிர்த்தரப்புக்கு இதில் வாய் திறக்க வேலையே இல்லை. கார்க் கண்ணாடி ஏற்றியபடியே இருக்கும்.

இந்த விசாரணையே வேண்டாம் என்று தெரிந்து முடிவெடுத்த இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, கடலூர் மாவட்டத்து வடலூர், ஆண்டு 1867. மற்றது, பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி; ஆண்டு 2008. முன்னதில் கொடுத்தது சோறு, பின்னதில் வீடு. முன்னதைத் தொடங்கியவர் துறவி, பின்னதை நடத்துவது அரசும் நகராட்சியும். சமயம், பருவநிலை, பணவசதி எதிலும் இவற்றுக்குள் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இடையில் நிற்கிற நம் சென்னை நடைபாதை கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது.

வடலூர்க் கதை தமிழருக்குப் பழக்கமானதுதான். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில், 1867 மே 23 அன்று இராமலிங்க அடிகள் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. தைப்பூசத்துக்குப் போனவர்கள் அந்த நீள அடுப்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். அடுப்புக்குப் பின்னால் இருக்கிற வாதத்தைப் படித்தவர்கள் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள். 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற தம் உரைநடை நூலில் அடிகள், பசித்து வந்தவரிடம் தேசம், சமயம், சாதி, நடத்தை எதையும் விசாரிக்கக் கூடாது என்கிறார். சாதி, சமயம் பார்க்காதே என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். நடத்தையையும் பார்க்காதே என்பதுதான் இதில் கடினமான பகுதி. வந்தவன் குடிகாரனா, சோம்பேறியா, நேற்று உன் வீட்டில் திருடியவனா என்பது இலை போடுகிறவரின் கவலை இல்லை.

அன்றைய நிலையில் இது சின்ன விஷயம் அல்ல. ஒரு பக்கம் பழைய சத்திர முறை. தஞ்சை மராட்டிய அரசர்கள் இராமேசுவரம் போகிற சாலை நெடுக சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. வழிப்போக்கருக்குச் சோறு, படுக்க இடம், நோயாளிக்கு மருந்து எல்லாம் அங்கே கிடைத்தன. பந்தி மட்டும் சாதி பார்த்தது. இன்னொரு பக்கம் ஆங்கிலேய நிர்வாகம். தருமச்சாலை தொடங்கிப் பத்தே ஆண்டில், தாது வருஷப் பஞ்சத்தின்போது, ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி சென்னை மாகாணத்தில் நிவாரணக் கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமாகக் குறைத்தார். உண்மையிலேயே வழியில்லாதவர்தானா என்பதற்கு முகாமில் செய்கிற வேலையே சோதனை. எலும்பும் தோலுமாக வந்தவர்களிடம் கல் உடைக்கச் சொல்லிச் சான்று கேட்ட காலம் அது. இந்த இரண்டுக்கும் நடுவில், ஒன்றும் கேட்காத ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஆனால் அதே நூலில் இன்னொரு வாதமும் இருக்கிறது. உடுக்கத் துணியும் இருக்க இடமும் இல்லாத துன்பத்தை மனத்தின் உறுதியால் சகித்துக்கொண்டு உயிர் வாழலாம். பசியை அப்படிச் சகிக்க முடியாது. ஆகவே பசி தீர்ப்பதே முதல் அறம். பஞ்சம் மாற்றி பஞ்சம் வந்த நூற்றாண்டில் இந்த வரிசையோடு யாரும் சண்டை போட முடியாது. அடிகள் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தவர்கள் பசியால் செத்தார்கள். இந்த வரிசை நம்மிடம் அப்படியே தங்கிவிட்டது என்பதையும், பஞ்சம் போய்விட்டது என்பதையும் சேர்த்துத்தான் இனி பார்க்க வேண்டும்.

ஹெல்சிங்கியில் வரிசை தலைகீழ். காரணம் எளிது: சனவரியில் வெப்பநிலை கழித்தல் இருபது பாகைக்குப் போகிற ஊரில், கூரை இல்லாதவன் மனத்தின் உறுதியால் காலையில் எழுந்துவிட முடியாது. அதனால் கூரை தருகிற ஏற்பாடு அங்கே பழையது. ஆனால் அது நெடுங்காலம் படிப்படியான ஏற்பாடாக இருந்தது. முதலில் இரவுக் காப்பகத்தில் ஒரு கட்டில். குடியை விட்டால் விடுதி. அங்கே ஒழுங்காக இருந்து காட்டினால், பலர் சேர்ந்திருக்கும் வீடு. அதிலும் தேறினால் கடைசியில் சொந்தப் பெயரில் ஓர் அறை. நடுப்படியில் ஒரு நாள் குடித்துவிட்டு வந்தால் மறுபடி தெரு. ஒருவனைப் பத்தாண்டு, பதினைந்து ஆண்டு கட்டிலுக்கும் தெருவுக்குமாக அலையவைக்க இதைவிடத் தோதான ஏற்பாடு இருக்க முடியாது.

1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்தப் படிகளை எடுத்துவிட்டுப் பார்த்தார். மனநோயும் போதையும் உள்ளவர்களுக்கு, குணமாகட்டும் என்று காத்திராமல், முதல் நாளே வீட்டைக் கொடுத்தார். பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு வீட்டைத் தக்கவைத்துக்கொண்டார்கள். 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்' என்று இப்போது உலகம் முழுக்கப் பேசப்படுவது இதுதான். பின்லாந்து இதைத் தன் வழியில் எடுத்துக்கொண்டது. 2007இல் ஒரு நால்வர் குழு அறிக்கை கொடுத்தது. குழுவில் ஓர் ஆயரும் ஒரு மருத்துவரும் இருந்தார்கள். அறிக்கைக்கு 'கதவில் பெயர்' என்று தலைப்பு. அந்த நாட்டில் அடுக்குமாடி வீட்டின் கதவில் குடியிருப்பவர் பெயர் எழுதியிருக்கும். அது இருந்தால்தான் தபால் வரும், ஆள் தேடி வருவார்கள். 2008இல் அரசும் நகரங்களும் சேர்ந்து திட்டத்தைத் தொடங்கின.

அதிகம் செலவாகாத திட்டம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புதுக் கட்டடங்கள் எழுந்தன, பழையவை இடித்துக் கட்டப்பட்டன. ஹெல்சிங்கியின் ஆல்ப்பிகாத்து தெருவில் இரட்சணிய சேனை நடத்திவந்த பெரிய விடுதி ஒன்று, இருநூறுக்கு மேற்பட்ட கட்டில்கள் கொண்டது. அதை மூடி, எண்பது சொச்சம் தனி வீடுகளாக மாற்றி 2012இல் திறந்தார்கள். ஆளுக்கு ஒரு சாவி. உள்ளேயே சமையல் மூலை, குளியலறை. வாடகை ஒப்பந்தம் குடியிருப்பவர் பெயரில். வாடகையை அவரே கட்டுகிறார், வருமானம் இல்லாதவருக்கு அரசின் வீட்டுப்படி கைகொடுக்கிறது. தன் அறைக்குள் குடித்தார் என்பதற்காக யாரையும் வெளியே அனுப்புவதில்லை. கீழ்த்தளத்தில் பணியாளர்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். நகரத்தின் விடுதி, காப்பகக் கட்டில்கள் 2008இல் 558 இருந்தன, 2016இல் 52. நாடு முழுவதும் 1980களின் கடைசியில் பதினைந்தாயிரத்துக்கு மேல் இருந்த வீடற்றவர்கள், 2023 கணக்கில் 3,429 பேர்.

ஆக, இரண்டு இடமும் ஒன்றையே செய்தன: நடத்தைச் சான்றிதழ் கேட்பதை நிறுத்தின. வேறுபாடு, கேட்காமல் இருந்த நேரத்தின் நீளத்தில் இருக்கிறது. வடலூரில் அந்தப் பெருந்தன்மை ஒரு பந்தி நேரம். கை கழுவி எழுந்தவர் எங்கே போகிறார் என்பது அடுப்பின் பொறுப்பு அல்ல. இன்றும் தருமச்சாலையைச் சுற்றித் திண்ணையிலும் மரத்தடியிலும் ஆதரவில்லாத முதியவர்கள் படுத்திருப்பதைப் பார்க்கலாம். ஹெல்சிங்கியில் அது மாதக்கணக்கு, ஆண்டுக்கணக்கு. ஒருவேளைச் சோற்றுக்குக் கேள்வி கேட்காமலிருப்பது யாருக்கும் முடிகிற காரியம். பக்கத்து வீட்டுக்காரனாக ஆகப்போகிறவனிடம் கேள்வி கேட்காமலிருப்பது அப்படி இல்லை.

சென்னைக்கு வருவோம். சென்ட்ரல் எதிரே அரசுப் பொது மருத்துவமனை. இரவு ஒன்பது மணிக்கு மேல் மதில் ஓரம் முழுக்கப் பாய் விரித்துவிடும். நோயாளியோடு வெளியூரிலிருந்து வந்தவர்கள் பாதி, போக்கிடமே இல்லாதவர்கள் பாதி. அமாவாசை, பிறந்தநாள், நினைவுநாள் என்றால் வண்டிகள் வரிசையாக வரும். பின்கதவு திறந்து சாம்பார் சாதம், எலுமிச்சை சாதப் பொட்டலங்கள் இறங்கும்; ஒருவர் கொடுக்க, ஒருவர் கைப்பேசியில் படம் எடுப்பார். அப்படியொரு அமாவாசையில் ஒரு கிழவியின் தலைமாட்டில் ஏற்கெனவே இரண்டு பொட்டலம் இருந்தது. மூன்றாவதை நீட்டிய இளைஞனிடம், "வேணாம் கண்ணு, காலைல ஊசிப்போவும். கொசுவத்தி இருந்தா ஒண்ணு குடேன்" என்றார். பையனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். நூறு பொட்டலம் கொடுத்தாக வேண்டும், நூறும் தீர வேண்டும்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் செய்தது நம் மரபில் முதல் அறம். ஆனால் 2013இல் அம்மா உணவகம் வந்தபோது இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று விலை வைத்தார்கள். நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். அடிகள் போட்ட வரிசை அவர் காலத்துச் சாவுகளை வைத்துப் போட்டது; இன்றைய சென்னை நடைபாதையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தூக்கத்தில் ஏறும் வண்டி, டிசம்பர் மழை, கவனிக்காமல் விட்ட புண், காசநோய். பெண்களுக்கு இரவே ஆபத்து. இவற்றில் எதையும் சாம்பார் சாதம் தடுக்காது.

போகிற போக்கில் ஒன்று: "காசா குடுக்காதே, சாப்பாடா வாங்கிக் குடு" என்பது நம்மிடம் ஒரு பொன்மொழி மாதிரி உலவுகிறது. ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற ஊரில், பத்து ரூபாய் வாங்கியவன் குடிக்கத்தான் போவான் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னோம் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. கொசுவத்தி, பாரசிட்டமால், கட்டணக் கழிப்பறை, ஊருக்கு ஒரு போன் எல்லாவற்றுக்கும் காசுதான் வேண்டும். நடத்தையை விசாரிக்காதே என்ற வடலூர் விதியில் பாதியைக் கழற்றிவிட்டு, சோற்றை மட்டும் வைத்துக்கொண்டோம்.

சட்டம் அந்த விசாரணையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. 1945இல் இயற்றிய சென்னைப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், கையேந்துகிறவரைப் பிடித்து நீதிபதி முன் நிறுத்தி விடுதியில் அடைக்க வழி செய்தது. மணிமேகலை காப்பியத்தில் சோழன் சிறைச்சாலையை அறக்கோட்டம் ஆக்குகிறான். இந்தச் சட்டம் எதிர்த்திசையில் நடந்தது. டெல்லியில் அமலில் இருந்த இதேபோன்ற சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அந்நகர உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் செல்லாது என்றது. பிழைக்க வேறு வழியில்லாததை எப்படிக் குற்றமாக்குவது என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. இப்போது இந்தூரில் 2025 தொடக்கம் முதல் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது: பிச்சை போடுகிறவர் மேல் வழக்கு. வாங்குபவனை விசாரித்த நாடு, கொடுப்பவனையும் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறது.

நீதிமன்றம் கூரைப் பக்கமும் பேசியிருக்கிறது. 2009 டிசம்பரில் டெல்லியில் குளிருக்குப் போட்டிருந்த தற்காலிகக் காப்பகம் ஒன்று இடிக்கப்பட்டு அது பெரும் பிரச்சினையானபோது, உச்ச நீதிமன்றம் தலையிட்டது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற கணக்கு அந்த ஆணைகளிலிருந்து வந்ததே. 2013இல் மத்திய அரசின் நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டம் ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவும் வைத்தது. சென்னை மாநகராட்சி, தொண்டு நிறுவனங்களை வைத்துக் காப்பகங்கள் நடத்துகிறது. தனியாளாக இருக்கிற முதியவருக்கு, மருத்துவமனைக்கு வந்தவருக்கு அவை பெரிய உதவிதான்.

ஆனால் பிராட்வே பக்கம் போய்ப் பாருங்கள். தார்ப்பாய்க்குக் கீழே தகரப்பெட்டி, அடுப்பு, தண்ணீர்க் குடம், பள்ளிச் சீருடை காயப்போட்ட கயிறு. மூன்று தலைமுறையாக அதே நடைபாதையில் இருக்கிற குடும்பங்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இருக்கும் காப்பகத்துக்கு அவர்கள் எப்படிப் போவார்கள்? பெட்டியை எங்கே வைப்பார்கள்? இத்தகைய குடும்பங்களுக்கு அரசு வீடே கொடுத்ததும் உண்டு. கண்ணகி நகரில், பிறகு பெரும்பாக்கத்தில். சாவியும் கிடைத்தது, கதவும் கிடைத்தது. வேலை மட்டும் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம், பாரிமுனையில் இருந்தது. மூட்டை தூக்குகிறவரும் பூ விற்கிறவரும் விடிகாலை பஸ்ஸைப் பிடிக்க முடியாமல் பழைய நடைபாதைக்கே திரும்பினார்கள். "வீடு குடுத்தும் இங்கதான் கிடக்குதுங்க" என்று அதற்கும் பழி அவர்கள் மேலேயே விழுந்தது. நடைபாதையில் வாழ்கிறவனின் இடத்தைப் பிழைப்பிலிருந்து பிரிக்க முடியாது என்று பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985லேயே விளக்கியிருந்தது. ஆல்ப்பிகாத்து விடுதியை வீடுகளாக்கியபோது ஹெல்சிங்கிக்காரர்கள் ஊருக்கு வெளியே தூக்கிப்போடவில்லை. அதே தெருவில், டிராம் போகிற தூரத்தில்தான் வைத்தார்கள். இந்த ஒன்றை நாம் கவனித்திருந்தால் கோடிகள் மிச்சமாகியிருக்கும்.

இதுவரை படித்தவருக்கு ஹெல்சிங்கி பக்கம் தராசு சாய்ந்ததுபோல் தோன்றும். எனக்கு அங்கே ஒரு முள் உறுத்துகிறது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு, அங்கிருந்து ரோமா மக்கள் ஹெல்சிங்கிக்கு வந்தார்கள். கடைவாசலில் காகிதக் குவளையோடு உட்கார்ந்தார்கள். காரிலும் கூடாரத்திலும் படுத்தார்கள். பிச்சையைத் தடைசெய்யலாமா என்று பின்லாந்திலும் விவாதம் கிளம்பியது. அவர்களுக்குச் சாவி இல்லை. பகலில் உட்காரவும் குளிக்கவும் துணி துவைக்கவும் ஒரு திருச்சபை நிறுவனம் மையம் நடத்துகிறது. குடிக்கிறாயா என்று கேட்காத நகரம், நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்டது. நடத்தைக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். தேசக் கேள்வி நின்றது. வடலூர் பட்டியலில் தேசமும் உண்டு என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. வரிப்பணத்தில் நடக்கும் கருணைக்கு ஓர் எல்லைக்கோடு வேண்டியிருக்கிறது. சோற்றுப் பானைக்கு அது வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அரசு கொடுப்பதை அரசு குறைக்கவும் முடியும். பின்லாந்தில் 2023இல் வந்த அரசு வீட்டுப்படியில் கை வைத்தது. 2024 கணக்கெடுப்பில் வீடற்றவர்கள் 3,806 ஆக ஏறினார்கள். பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருந்த எண் அது. வடலூர் அடுப்பு எத்தனையோ ஆட்சி மாறியும் எரிகிறது. ஊர் ஊராக அரிசி மூட்டை அனுப்புகிற ஆயிரம் கைகள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே உத்தரவில் யாரும் நிறுத்திவிட முடியாது.

வடலூர் வழியையும் ஹெல்சிங்கி வழியையும் சேர்த்துச் செய்து பார்த்தவர்கள் நம்மூரிலேயே இருக்கிறார்கள். மனநலம் குன்றித் தெருவில் திரிந்த பெண்களுக்காக 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கியது 'தி பானியன்' அமைப்பு. முதலில் அதுவும் விடுதிதான்: மீட்டு வந்து, மருந்து கொடுத்து, ஊர் கண்டுபிடித்து அனுப்புவது. பல பெண்களுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. ஆண்டுக்கணக்கில் விடுதியிலேயே தங்கிவிட்டார்கள். 2015 வாக்கில் 'ஹோம் அகெய்ன்' என்று ஒரு முயற்சியை ஆரம்பித்தார்கள். சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. அதில் நாலைந்து பெண்கள், கூட ஓர் உதவியாளர். என்ன சமைப்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போகிறார்கள். சிலர் வேலைக்கும் போகிறார்கள். பூரண குணம் என்ற சான்றிதழ் யாரிடமும் கேட்கப்படவில்லை. நம்மூர் வாடகையில், நம்மூர் மளிகையில் நடக்கிற காரியம் இது. பின்லாந்தின் கருவூலம் தேவைப்படவில்லை.

தேவைப்படுவது மாதாமாதம் வாடகை. இங்கேதான் நம் கொடைப் பழக்கம் தடுக்குகிறது. கோயிலில் ஒரு தொகையை வைப்புநிதியாகக் கட்டினால், ஆண்டுதோறும் நாம் சொல்லும் நாளில் நம் பெயரில் அன்னதானம் நடக்கும். பலகையில் பெயர் எழுதுவார்கள், விரும்பினால் நாமே போய்ப் பரிமாறலாம். அதே தொகையின் வட்டியில் இரண்டு பெண்களின் ஒரு மாத வாடகை ஓடிவிடும் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டவர்கள் யாரும் தப்பு என்று சொல்லவில்லை. நல்ல விஷயம்தான் என்றார்கள். பிறகு, "அப்பா திதி அன்னிக்கு நாங்க போனா என்ன பண்றது அங்க?" என்று கேட்டார்கள். அங்கே அவர்கள் செய்ய ஒன்றும் இருக்காது. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கும்; உள்ளே இருப்பவர்கள் அன்றைக்கு விருந்தாளியை எதிர்பார்க்காமலும் இருக்கலாம்.